பத்தில் ஒரு மில்லிமீட்டர்

ஆயில் பம்பைக் கழற்றிப் பார்ப்பதும் மாட்டுவதும்

ஓடிக்கொண்டிருக்கும் நல்ல இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் அதைத் தாங்கும் பேரிங்கைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் சில பங்குதான் வரும். சிலிண்டருக்குள் எரிபொருள் எரிந்து விரியும்போது பிஸ்டனின் தலையில் விழும் விசை, இன்ஜின் முழு பலத்தோடு இழுக்கையில், இரண்டு டன் அளவுக்குப் போகும். அந்த விசை கனெக்டிங் ராடு வழியே இறங்கிக் கடைசியில் விழுவது அந்தப் படலத்தின் மேல். படலம் கிழிந்தால் எஃகு பேரிங்கின் மென்மையான உலோகத்தைச் சுரண்டும். சில நிமிடங்களில் இன்ஜின் பிடித்துக்கொண்டு நின்றுவிடும்.

அந்தப் படலம் வற்றாமல் பார்த்துக்கொள்வது ஆயில் பம்பு. உள்ளங்கையில் அடங்கும் சிறு பொருள். இந்த அத்தியாயத்தில் ஒரு குறிப்பிட்ட காரின் பம்பைக் கழற்றி, அளந்து, திரும்ப மாட்டப்போகிறோம். அதன் வழியே ஒரே ஒரு உண்மையைப் பின்தொடர்வோம்: எண்ணெயை நகர்த்தும் இயந்திரத்தில் உயிர் போவதும் நிற்பதும் உலோகத்தின் பலத்தைப் பொறுத்ததைவிட, உலோகங்களுக்கு நடுவே விடப்பட்ட இடைவெளியைப் பொறுத்தது.

நாம் எடுத்துக்கொள்ளும் கார் ஃபோக்ஸ்வேகன் பீட்டில். ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் குழு 1930களில் ஜெர்மனியில் வடிவமைத்த இந்தக் கார், 2003இல் மெக்சிகோவின் புவேப்லா தொழிற்சாலையில் கடைசி வண்டி இறங்கும்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. பின்புறத்தில் இருக்கும் காற்றால் குளிரும் அதன் நான்கு சிலிண்டர் இன்ஜின் பாடம் படிக்க ஏற்றது. பெரும்பாலான கார்களில் பம்பைத் தொட எண்ணெய் தேங்கும் அடித்தட்டான ஆயில் சம்பை இறக்க வேண்டும், அல்லது டைமிங் பெல்ட்டையும் அதன் மூடிகளையும் பிரிக்க வேண்டும். பீட்டிலில் இன்ஜினை வண்டியிலிருந்து இறக்காமலே, கிராங்க் புல்லிக்குப் பின்னால் நான்கு நட்டுகளைக் கழற்றினால் பம்பு கண்ணெதிரே வந்துவிடும்.

படலம் எப்படிச் சுமக்கிறது

எண்ணெய் வழுக்கும் என்பது மனிதனுக்கு வண்டி அச்சு கண்ட காலத்திலிருந்தே தெரியும். எண்ணெய் சுமக்கும் என்பது 1880களில்தான் தெரியவந்தது. லண்டனிலிருந்த இயந்திரப் பொறியாளர்கள் கழகம் ரயில் அச்சுகளின் உராய்வை ஆராயும் பணியைப் பொசாம் டவர் என்பவரிடம் ஒப்படைத்தது. சுழலும் அச்சின் மேல்பாதியில் பித்தளைப் பேரிங்கை வைத்து அதன் மேல் பாரம் ஏற்றினார். அச்சின் கீழ்ப்பகுதி எண்ணெய்த் தொட்டியில் நனைந்தபடி சுழன்றது. பிறகு, மேலிருந்து எண்ணெய் விடலாம் என்று பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலேறி வழிந்தது. தக்கை வைத்து அடைத்தார். தக்கையை எண்ணெய் தள்ளிவிட்டது. மரக் கட்டையை அடித்து இறுக்கினார். அதுவும் வெளியே வந்தது. கடைசியில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தினார். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டக்கூடிய அந்த மானியின் முள் எல்லையைத் தாண்டிப் போயிற்று. பேரிங்கின் மேல் இருந்த சராசரிப் பாரமோ சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான். 1883இல் டவர் வெளியிட்ட அறிக்கையில் இது இருக்கிறது.

அந்த அழுத்தத்தை எந்தப் பம்பும் கொடுக்கவில்லை. மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் கணித விளக்கம் தந்தார். எண்ணெய் சுழலும் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு இழுபடுகிறது. பாரத்தால் அச்சு சற்றே ஒரு பக்கம் ஒதுங்குவதால் அச்சுக்கும் பேரிங்குக்கும் நடுவே குறுகிக்கொண்டே போகும் ஒரு ஆப்பு வடிவ இடம் உண்டாகிறது. அகன்ற வாயில் நுழைந்த எண்ணெய் குறுகிய முனையை நோக்கி இழுக்கப்படும்போது அங்கே அழுத்தம் எழுகிறது; அந்த அழுத்தம் அச்சைத் தூக்கி நிறுத்துகிறது. கார் இன்ஜினில் இப்படி எழும் உச்ச அழுத்தம் சதுர செ.மீ.க்கு நூற்றுக்கணக்கான கிலோ.

பம்பு கொடுக்கும் அழுத்தம் இதன் பக்கத்தில் மிகச் சிறியது. இரண்டு, மூன்று கிலோ. அப்படியானால் பம்பு எதற்கு? பேரிங்கின் ஓரங்கள் திறந்தவை. ஆப்புக்குள் நுழைந்த எண்ணெய் ஓரங்கள் வழியே ஓயாமல் பிதுங்கி வெளியேறிச் சம்பில் விழுகிறது. போகும்போது உராய்வின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. போனதற்கு ஈடாகப் புது எண்ணெய் அந்த நொடியே வந்து நிரம்ப வேண்டும். பாரத்தைச் சுமப்பது சுழற்சி. சுமப்பதற்கான எண்ணெயைக் குறைவில்லாமல் அனுப்புவது பம்பு.

ஆரம்ப கால கார்களில் பல பம்பே இல்லாமல் ஓடின. ஃபோர்டு நிறுவனம் 1908இல் கொண்டுவந்த மாடல் டி காரில் ஃப்ளைவீல் சுழன்று வாரியடித்த எண்ணெய் ஒரு குழாயில் விழுந்து முன்பக்கத்துக்கு வழிந்தது, மற்றபடி தெறிப்புதான். மெதுவாக ஓடும் இன்ஜினுக்கு அது போதும். வேகம் கூடக் கூடத் தெறிப்பை நம்ப முடியாது. எண்ணெயை அழுத்தி அனுப்பும் முறை காருக்கு முன்பே நீராவி இன்ஜினில் வந்துவிட்டது. பர்மிங்காமில் பெல்லிஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆல்பர்ட் பெய்ன் 1890இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

இரண்டு சக்கரங்களும் ஒரு தவறான எண்ணமும்

பீட்டிலின் பம்பில் ஒன்றோடொன்று கோத்துச் சுழலும் இரண்டு பற்சக்கரங்கள் இருக்கின்றன. அவற்றை இறுக்கமாகச் சூழ்ந்த ஓர் உலோக உடல். மேலே ஒரு தட்டையான மூடி. அவ்வளவே. இந்த அமைப்பு மிகப் பழையது. கோள்களின் பாதையைக் கண்டறிந்த யோஹானஸ் கெப்ளர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கத்திலிருந்து நீரிறைப்பதற்கென்று பற்சக்கர பம்பு ஒன்றை வடிவமைத்தார். ஒன்றை ஒன்று கடித்துச் சுழலும் சக்கரங்களுக்கு வால்வு தேவையில்லை என்பது அதன் சிறப்பு.

இந்தப் பம்பை முதன்முதலாகப் பார்ப்பவர்கள், கரும்பு கரும்புச்சாறு இயந்திரத்தின் உருளைகளுக்கு நடுவே போவதுபோல எண்ணெயும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நசுங்கிப் போகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நடப்பது நேர்மாறானது. எண்ணெய் போகும் வழி சக்கரங்களின் வெளிவட்டம். உறிஞ்சும் பக்கத்தில் இரண்டு சக்கரங்களின் பற்களும் பிரிகின்றன. பிரிந்த இடத்தில் வெற்றிடம் பிறக்கிறது. சம்பின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்று எண்ணெயை அந்த வெற்றிடத்துக்குள் தள்ளுகிறது. இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் அடைபட்ட எண்ணெய், உடலின் சுவரை ஒட்டிச் சுற்றி வந்து மறுபக்கம் சேர்கிறது. அங்கே பற்கள் மறுபடி கோத்துக்கொள்வதால் பள்ளங்கள் மூடிக்கொள்கின்றன. உள்ளே இருந்த எண்ணெய் வெளியேறியே தீர வேண்டும். நடுவில் கோத்திருக்கும் பற்கள் எண்ணெய் திரும்பிப் போகாதபடி அடைக்கும் கதவு.

ஆக, ஒவ்வொரு சுற்றுக்கும் இந்தப் பம்பு ஒரே அளவு எண்ணெயை நகர்த்தும். பீட்டிலில் அது கேம் ஷாஃப்டின் முனையோடு இணைந்து சுழல்வதால் இன்ஜின் வேகத்தில் பாதி வேகத்தில் சுற்றுகிறது. பம்பு அழுத்தத்தைச் செய்வதில்லை, ஓட்டத்தைச் செய்கிறது. அந்த ஓட்டம் பேரிங்குகளின் குறுகிய இடைவெளிகளில் நுழையத் தடுமாறும்போதுதான் பின்னால் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தமானியில் தெரியும் எண், பம்பு அனுப்பும் ஓட்டமும் இன்ஜினின் எல்லா இடைவெளிகளும் சேர்ந்து எழுதும் கணக்கு. குளிர்ந்த காலை வேளையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது அழுத்தம் எல்லை மீறி ஆயில் கூலரை உடைத்துவிடாமல் இருக்க ரிலீஃப் வால்வு ஒன்று உண்டு. ஸ்பிரிங்கால் தாங்கப்பட்ட சிறு பிஸ்டன் அது. அழுத்தம் கூடினால் விலகி, மிகுந்த எண்ணெயைச் சம்புக்குத் திருப்பிவிடும்.

மும்மடி விதி

பம்பின் சக்கரங்கள் உடலைத் தொடாமல் சுழல வேண்டும். அதற்காக விடப்பட்ட இடைவெளி வழியே, அழுத்தமுள்ள பக்கத்திலிருந்து உறிஞ்சும் பக்கத்துக்கு எண்ணெய் கொஞ்சம் திரும்பிக் கசிகிறது. அந்தக் கசிவு இடைவெளிக்கு நேர் விகிதத்தில் கூடினால் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் அது அப்படிக் கூடுவதில்லை.

இரண்டு தட்டையான சுவர்களுக்கு நடுவே ஓடும் எண்ணெயைக் கற்பனை செய்வோம். சுவரை ஒட்டிய அடுக்கு நகராமல் நிற்கிறது. நடுவில் இருக்கும் அடுக்கு மிக வேகமாக ஓடுகிறது. இடைவெளியை இரட்டித்தால் எண்ணெய் போகும் வழியின் பரப்பு இரட்டிக்கிறது. அதோடு நடு அடுக்கு சுவரின் பிடியிலிருந்து இன்னும் விலகிவிடுவதால் வேகம் நான்கு மடங்காகிறது. இரண்டையும் பெருக்கினால் எட்டு. இடைவெளி மூன்று மடங்கானால், அதே அழுத்தத்தில் கசிவு 27 மடங்கு. 0.05 மி.மீ. இருந்த இடத்தில் 0.10 மி.மீ. என்பது கண்ணுக்குத் தெரியாத மாற்றம். எண்ணெய்க்கு அது எட்டு மடங்கு அகன்ற வாசல்.

சூடு இன்னொரு பெருக்கி. எஸ்ஏஇ 30 தர எண்ணெயின் பாகுத்தன்மை 40 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. கசிவு அதே அளவு கூடும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பட்டறையில் அன்றாடம் நடக்கும் ஒன்று புரியும். இடைவெளி இரட்டித்துத் தேய்ந்துபோன பம்பு, ஆறிய எண்ணெயோடு, நல்ல பம்பு கொதிக்கும் எண்ணெயோடு வேலை செய்வதைப் போலவே வேலை செய்யும். அதனால் காலையில் வண்டியை எடுக்கும்போது தேய்மானம் வெளியே தெரியாது. நீண்ட பயணத்துக்குப் பின், சிக்னலில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஆயில் விளக்கு மினுங்கும். அப்போது பம்பு மிக மெதுவாகச் சுழல்கிறது. எண்ணெய் மிக இளகியிருக்கிறது. தேய்ந்த இடைவெளிகள் எல்லாம் திறந்திருக்கின்றன.

அந்த விளக்கை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். பீட்டிலில் அதை இயக்கும் சுவிட்ச் சதுர செ.மீ.க்கு 0.15 முதல் 0.45 கிலோ அழுத்தத்திலேயே விளக்கை அணைத்துவிடும். விளக்கு அணைந்திருந்தால் கொஞ்சமாவது அழுத்தம் இருக்கிறது என்று மட்டுமே பொருள். ஓடும் வண்டியில் அது எரிந்தால் இன்ஜினை உடனே நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

கழற்றுதல்

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிட்டு எண்ணெயை வடிக்கிறோம். இந்த இன்ஜினில் இரண்டரை லிட்டர்தான் இருக்கும். வடிகட்டித் தட்டின் ஆறு சிறு நட்டுகளையும் கழற்றி, உள்ளே இருக்கும் கம்பி வலையை எடுத்துப் பார்க்கிறோம். பீட்டிலின் அசல் இன்ஜினில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. இந்த வலை மட்டுமே காவல். வலையின் கண்ணைவிடச் சிறிய துகள் எதுவும் நேராகப் பம்புக்குள் போகும். பம்பின் தேய்மானத்துக்கு முதல் காரணம் அந்தத் துகள்களே. இடைவெளியைவிடச் சற்றே பெரிய ஒரு மணல் துகள் சக்கரத்தின் முகத்துக்கும் மூடிக்கும் நடுவே மாட்டி உருளும்போது கோடு கிழிக்கிறது. அதனால்தான் இந்தக் காருக்கு எண்ணெயை 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றச் சொன்னார்கள்.

வலையில் தங்கியிருப்பதை வெள்ளைத் துணியில் கொட்டிப் பார்ப்பது நல்லது. கறுப்புக் கசடு இயல்பானது. காந்தத்தில் ஒட்டும் தூள் எஃகு அல்லது இரும்பிலிருந்து வந்தது. காந்தத்தில் ஒட்டாத மினுமினுப்பான செதில்கள் பேரிங்கிலிருந்தோ கிராங்க் கேஸிலிருந்தோ வந்திருக்கலாம். செதில் நிறைய இருந்தால், பம்பை மட்டும் சரிசெய்து வண்டியை ஓட்டுவது பயன் தராது.

அடுத்து ஃபேன் பெல்ட், கிராங்க் புல்லி, புல்லிக்குப் பின்னால் இருக்கும் தகடு ஆகியவற்றை எடுக்கிறோம். புல்லியைக் கம்பியால் நெம்பக்கூடாது. புல்லர் போட்டு இழுக்க வேண்டும். இப்போது கிராங்க் ஷாஃப்டுக்குக் கீழே, நான்கு ஸ்டட்டுகளில் நட்டு போட்ட ஒரு சிறு மூடி தெரியும். நட்டுகளைச் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி மூடியை எடுக்கிறோம். கீழே ஒரு தட்டு வைத்திருக்க வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெய் வழியும்.

சக்கரங்களைக் கையாலேயே உருவலாம். ஓட்டும் சக்கரம் தன் தண்டோடு வரும். அந்தத் தண்டின் மறுமுனையில் கேம் ஷாஃப்டின் பிளவுக்குள் நுழையும் தட்டையான நாக்கு இருக்கும். மற்றச் சக்கரம் உடலில் நிலையாக அடிக்கப்பட்ட ஊசித் தண்டின் மேல் சுழல்வது. உருவுவதற்கு முன்னால் எந்தப் பல் எந்தப் பல்லோடு கோத்திருந்தது, எந்த முகம் வெளியே இருந்தது என்று மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்ள வேண்டும். பல ஆயிரம் கி.மீ. சேர்ந்து சுழன்ற பற்கள் ஒன்றுக்கொன்று பழகியிருக்கும். சென்டர் பஞ்சால் தட்டிக் குறிப்பது தவறு. பஞ்சு எழுப்பும் மேடு நாம் காக்க நினைக்கும் இடைவெளியைவிட உயரமானது.

உடலை வெளியே எடுப்பதுதான் கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில், அவற்றின் பிடிக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. அதற்கென்று உள்ள புல்லரைப் பயன்படுத்த வேண்டும். வராவிட்டால், பம்பை ஒட்டியிருக்கும் கிராங்க் கேஸ் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தினால் பிடி விடும். வேலை முடிந்ததும் அவற்றை மறக்காமல் உரிய டார்க்குக்கு இறுக்க வேண்டும். கிராங்க் கேஸ் மக்னீசியக் கலவையில் வார்த்தது, மென்மையானது. ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் விழும் கீறல் வழியே காலத்துக்கும் எண்ணெய் கசியும்.

அளத்தல்

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து உலர்த்திய பின் முதலில் மூடியைப் பார்க்கிறோம். அதன் உள்முகத்தில் இரண்டு சக்கரங்களும் வரைந்த இரண்டு வட்டங்கள் தெரியும். நகத்தால் தடவும்போது அந்த வட்டத்தின் விளிம்பு தடுக்கினால் மூடி குழிந்திருக்கிறது என்று பொருள். தட்டையான கண்ணாடிப் பலகையில் எமரி பேப்பரை விரித்து, எண்ணெய் விட்டு, எட்டு வடிவத்தில் தேய்த்து அதைச் சமப்படுத்தலாம். ஆழமாகக் குழிந்திருந்தால் புது மூடிதான்.

அடுத்தது இந்த அத்தியாயத்தின் தலைப்பில் இருக்கும் அளவு. சக்கரங்களை உடலில் வைத்து, பேக்கிங் இல்லாமல், உடலின் முகத்துக்குக் குறுக்கே நேரான எஃகுப் பட்டையை வைக்கிறோம். பட்டைக்கும் சக்கரங்களின் முகத்துக்கும் நடுவே ஃபீலர் கேஜ் இதழை நுழைத்துப் பார்க்கிறோம். ஃபோக்ஸ்வேகன் தரும் எல்லை 0.1 மி.மீ. அந்த இதழ் தாராளமாக நுழைந்தால் பம்பின் காலம் முடிந்தது.

பம்புக்குள் கசிவுக்கு மூன்று வழிகள் உண்டு. பல்லின் நுனிக்கும் சுவருக்கும் நடுவே ஒன்று. கோத்த பற்களுக்கு நடுவே ஒன்று. சக்கரத்தின் முகத்துக்கும் மூடிக்கும் நடுவே ஒன்று. முதல் வழியில் எண்ணெய் திரும்பி வரவேண்டுமானால் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பற்களைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு பல்லும் தன் பங்குக்குத் தடுக்கிறது. மூன்றாவது வழிக்கு அப்படித் தடை இல்லை. சக்கரத்தின் முகம் முழுவதும் ஒரே சமவெளி. எண்ணெய் அதைக் குறுக்கே கடந்து நேராக உறிஞ்சும் பக்கத்துக்குப் போய்விடும். முகத்தின் இடைவெளியில் இவ்வளவு கண்டிப்பு காட்டுவது இதனால்தான்.

சூடும் இங்கே தன் பங்கைச் சேர்க்கிறது. சக்கரங்கள் எஃகு. உடல் அலுமினியக் கலவையாக இருந்தால், சூட்டில் அது எஃகைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 26 மி.மீ. நீளமுள்ள சக்கரத்துக்கு, வெப்பம் 80 டிகிரி ஏறினால், உடல் சக்கரத்தைவிட 0.02 மி.மீ. அளவு கூடுதலாக நீளும். ஆறியபோது 0.08 என்று அளந்த இடைவெளி, ஓடும்போது 0.10.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். ஊசித் தண்டு உடலில் அசையாமல் இறுகியிருக்க வேண்டும். ஆடினால் சக்கரம் சாய்ந்து சுவரைத் தின்னும். ஓட்டும் தண்டு தன் துளையில் பக்கவாட்டில் ஆடக்கூடாது. நாக்கின் ஓரங்கள் மழுங்கியிருக்கக்கூடாது. உடலின் உட்சுவரில் உறிஞ்சும் பக்கம் மட்டும் பளபளத்தால் வியக்க வேண்டியதில்லை. அழுத்தமுள்ள எண்ணெய் சக்கரங்களை எப்போதும் அந்தப் பக்கமே ஒதுக்குகிறது. கிராங்க் கேஸுக்குள் அடிக்கப்பட்டிருக்கும் உறிஞ்சுகுழாய் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தளர்ந்த குழாய் எண்ணெயோடு காற்றையும் இழுக்கும். ரிலீஃப் வால்வின் பிஸ்டனைக் கழற்றி, அது தன் துளையில் தடையில்லாமல் வழுக்குகிறதா என்று சோதிக்கிறோம். அது திறந்த நிலையில் சிக்கியிருந்தால், எவ்வளவு நல்ல பம்பும் அழுத்தம் காட்டாது.

புதுப் பம்பு வாங்க நேர்ந்தால் இரண்டு எச்சரிக்கை. 1970களின் தொடக்கத்தில் பீட்டிலின் கேம் ஷாஃப்ட் சக்கரம் தட்டையான வடிவிலிருந்து குழிந்த வடிவுக்கு மாறியது. இரண்டுக்கும் வேறு வேறு பம்பு. மாற்றிப் போட்டால் சக்கரத்தின் ரிவெட் தலைகள் பம்பின் உடலில் மோதும். இரண்டாவது, பெரிய பம்பு என்றால் நல்ல பம்பு என்று எண்ணிவிடக்கூடாது. தேவைக்கு மேல் வரும் எண்ணெய் ரிலீஃப் வால்வு வழியே சம்புக்கே திரும்புகிறது. அதை அழுத்தச் செலவான உழைப்பெல்லாம் எண்ணெயைச் சூடாக்குவதில் முடிகிறது.

மாட்டுதல்

பழைய பேக்கிங்கின் துணுக்குகளை முழுவதும் சுரண்டி எடுத்த பின், புதுப் பேக்கிங் வைத்து உடலை அதன் இடத்தில் நுழைக்கிறோம். பேக்கிங்கின் தடிமனும் ஓர் இடைவெளிதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மூடிக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் காகிதம் எவ்வளவு தடிமனோ அவ்வளவு தூரம் மூடி சக்கரத்திலிருந்து விலகுகிறது. கைக்குக் கிடைத்த கெட்டி அட்டையில் பேக்கிங் வெட்டிப் போட்டு, 0.1 மி.மீ. இருந்த இடைவெளியை 0.3 ஆக்கிவிட்டால், புதுப் பம்பும் முதல் நாளே 27 மடங்கு கசியும். பேஸ்ட்டை அள்ளிப் பூசுவதும் ஆபத்து. உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் உடைந்து எண்ணெய் வழியில் போய் அடைக்கும்.

ஓட்டும் தண்டைச் செருகி நாக்கைக் கேம் ஷாஃப்டின் பிளவில் பொருத்துகிறோம். நட்டுகளை இறுக்குவதற்கு முன் இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுகிறோம். அந்தச் சுற்றில் கேம் ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்று போய், பம்பின் உடலைத் தன் மையத்துக்கு நேராக இழுத்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் இறுக்கினால் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, புதுப் பம்பு வெகு சீக்கிரம் தேயும். உடல் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, இறுக்கும்போது அது நகராமல் பார்த்துக்கொள்கிறோம்.

மூடியைப் போடுவதற்கு முன்னால் சக்கரங்களின் பள்ளங்களில் புது எண்ணெயை நிரப்ப வேண்டும். இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். காரணம் தெரிந்தால் தவிர்க்க மாட்டார்கள். உலர்ந்த பம்பில் இடைவெளிகளை நிரப்பியிருப்பது காற்று. அறை வெப்பத்தில் எண்ணெயின் பாகுத்தன்மை காற்றினுடையதைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். எண்ணெய்க்கு மூடிய கதவாக இருக்கும் அதே இடைவெளி காற்றுக்கு அகலத் திறந்த வாசல். பற்கள் பிரிந்து உண்டாக்கும் வெற்றிடத்தில் காற்று பின்வழியாகப் புகுந்துவிடுவதால் சம்பிலிருந்து எண்ணெய் ஏறுவதில்லை. இடைவெளிகளில் எண்ணெய் நின்றால் அதுவே அடைப்பாகிப் பம்பை உறிஞ்ச வைக்கும். வாஸ்லைன் களிம்பைத் தடவியும் நிரப்பலாம். அது சூட்டில் உருகி எண்ணெயில் கலந்துவிடும்.

மூடியைப் போட்டு நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்குகிறோம், 8 மி.மீ. ஸ்டட்டுகளுக்கு டார்க் ரென்ச்சில் சுமார் 2 கிலோகிராம்-மீட்டர் போதும். இறுக்கிய பின் மறுபடி கையால் சுற்றிப் பார்க்கிறோம். எங்கும் பிடிக்கக்கூடாது. பிறகு தகடு, புல்லி, பெல்ட், வடிகட்டி வலை, புது எண்ணெய்.

உடனே ஸ்டார்ட் செய்யக்கூடாது. காயிலின் வயரைக் கழற்றித் தீப்பொறி வராதபடி செய்து, ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டு விட்டுச் சுற்றுகிறோம். எண்ணெய் பம்பைத் தாண்டி, இன்ஜினுக்குள் எண்ணெய் ஓடும் கேலரிகளை நிரப்பி, பேரிங்குகளுக்குப் போய்ச் சேர்ந்ததும் விளக்கு அணையும். சிலிண்டரில் எரிபொருள் எரியாததால் இந்த நேரத்தில் பேரிங்குகளின் மேல் பெரிய பாரம் இல்லை. விளக்கு அணைந்த பிறகு வயரை மாட்டி ஸ்டார்ட் செய்து, மூடியைச் சுற்றி எண்ணெய் கசிகிறதா என்று பார்க்கிறோம்.

எண் சொல்வது என்ன

வேலை முடிந்ததா என்பதை விளக்கை வைத்துத் தீர்மானிக்க முடியாது என்று பார்த்தோம். ஆயில் சுவிட்ச் இருக்கும் இடத்தில் அழுத்தமானியை மாட்டி, எண்ணெய் 70 டிகிரிக்குச் சூடேறிய பின், இன்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் வைத்துப் படிக்க வேண்டும். எஸ்ஏஇ 30 எண்ணெயோடு சதுர செ.மீ.க்கு சுமார் 2 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது. பல இன்ஜின்களுக்கும் மெக்கானிக்குகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஒவ்வொரு 1,000 சுற்றுக்கும் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு. அதுவும் இதற்கு நெருங்கியே வருகிறது.

மற்றக் கார்களில் பம்பின் இடமும் வடிவமும் மாறும். 1955இல் வந்த செவ்ரோலெட்டின் சிறிய வி8 இன்ஜினில் அது சம்புக்குள், பின்பக்க மெயின் பேரிங்கின் மூடியில் தொங்குகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு அதைச் சுழற்றுகிறது. இன்றைய கார்கள் பலவற்றில் கிராங்க் ஷாஃப்டின் முனையில், ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் இரண்டு ரோட்டர்கள் இருக்கும். வெளி ரோட்டருக்கு உள் ரோட்டரைவிட ஒரு பல் கூடுதல். அமெரிக்கரான மைரன் ஹில் 1920களில் வளர்த்தெடுத்த வடிவம் அது. இப்போது தேவைக்கேற்ப ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும் பம்புகளும் வந்துவிட்டன. எதைத் திறந்தாலும் அளக்க வேண்டியது முகத்தின் இடைவெளி, நுனியின் இடைவெளி, தண்டின் ஆட்டம். எல்லை எண்ணை மட்டும் அந்தந்த இன்ஜினின் கையேட்டில் பார்க்க வேண்டும்.

பம்பு சரியாக இருந்தும், ரிலீஃப் வால்வு சரியாக இருந்தும் அழுத்தம் ஏறவில்லை என்றால், இன்ஜின் வேறொன்றைச் சொல்கிறது: எண்ணெய் பேரிங்குகளிலிருந்து அளவுக்கு மேல் வெளியேறுகிறது. அங்கும் ஆட்சி செய்வது அதே மும்மடி விதி. மெயின் பேரிங்கின் இடைவெளி இரட்டித்தால் எட்டு மடங்கு எண்ணெய் அதில் வழிந்துவிடும். வரிசையில் கடைசியாக இருக்கும் பேரிங்குக்கு மிச்சம் இருக்காது. அந்த நிலையில் கெட்டியான எண்ணெய் ஊற்றினால் மானியின் முள் ஏறும், விளக்கு அணையும், பேரிங் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். அழுத்தம் குறைந்த இன்ஜினுக்கு முதல் மருந்து கெட்டி எண்ணெய் என்ற பழக்கத்தைக் கைவிட வேண்டும். முதல் மருந்து ஒரு ஃபீலர் கேஜும் அரை நாள் பொறுமையும். எந்த இடைவெளி அகன்றிருக்கிறது என்று அளந்து தெரிந்துகொண்டவருக்கே, பம்பை மாற்றுவதா, மூடியைத் தேய்த்துச் சமப்படுத்துவதா, இன்ஜினையே பிரிப்பதா என்று முடிவுசெய்யும் தகுதி வருகிறது.